முன்னெழுத்துப் பிழை

பிப்ரவரி 10, திங்கள்

நான்காவது சுற்று மருந்து இன்று ஏற்றியாயிற்று. காலை 7.25 விமானத்தில் சென்னை, மாலை 6.10 விமானத்தில் தூத்துக்குடி. வீட்டுக்கு வந்ததும் குழல்வாய்மொழி அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். வாந்தி ஒரு தடவைதான். போன சுற்றில் மூன்று.

நோய் முதுகெலும்புக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ரயிலை விட்டுவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் அவளால் படுத்திருக்கவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது. கொண்டல் கம்பெனியின் சின்ன விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஏறும் கதவு வால் பக்கம் இருப்பதால் கடைசி வரிசைதான் கதவுக்குக் கிட்டே. மூன்று எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடலாம். இந்த ரகசியத்தை எங்களுக்குச் சொன்னவர் கவுண்டரில் இருக்கும் பிரிசில்லா கொரைரா. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு இருக்கைகளையும் வேறு யாருக்கும் போகாமல் வைத்திருந்து கொடுக்கிறார்.

இன்றும் கேட்டார். "சார், அந்த லெட்டர் கொண்டாந்தீங்களா?"

"அடுத்த தடவை கண்டிப்பா."

"மூணு தடவையா இதத்தான் சொல்லுதீங்க. ‘படிவத்துல நான்தான் தப்பா எழுதிட்டேன்’னு ஒரே ஒரு வரி. நான் திருத்திட்டுப் போயிருவேன். எங்க ஆளுகளுக்குப் போர்ச்சுக்கீசியன் ஒரு குடும்பப் பேரக் குடுத்துட்டுப் போனான். கம்ப்யூட்டருக்கு எங்களக் கண்டா ரொம்பப் பிரியம். உங்களுக்குத்தான் ஒத்தை எழுத்த வச்சுக்கிட்டு இந்தப் பாடு."

விஷயம் இதுதான். அடையாள அட்டையில் என் மனைவி பெயர் பி. குழல்வாய்மொழி. பி என்பது நான், பிரமநாயகம். டிசம்பரில் முதல் டிக்கெட்டுக்குப் படிவம் நிரப்பும்போது நான் எழுதியது சி. குழல்வாய்மொழி. சி என்பது அவள் அப்பா சிவசைலம். கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் அட்டவணை அட்டை எழுதியவன் நான். ஒருவர் முதலில் எந்தப் பெயரில் அறியப்பட்டாரோ அதுவே தலைப்பு, பின்னால் மாறினாலும் தலைப்பை மாற்றாதே என்பது அங்கே விதி. அவளுடைய பட்டச் சான்றிதழில் சி என்றுதான் இருக்கிறது. கை பழக்கத்தில் அதையே எழுதிவிட்டது. அதன்பிறகு எல்லா டிக்கெட்டும் அந்தப் பெயரிலேயே வருகிறது. பிரிசில்லா ஒவ்வொரு தடவையும் "ஆளை நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்" என்று குறிப்புப் போட்டு, தன் ஊழியர் எண்ணையும் தட்டி, எங்களை ஏற்றிவிடுகிறார்.

குழல்வாய்மொழி சிரித்தாள். "விடு பிரிசி. எங்க அப்பா எழுத்தோட பறக்கதும் நல்லாத்தான் இருக்கு. அவரு திருச்செந்தூர் பஸ்ஸத் தாண்டி எதுலயும் ஏறினதில்ல."

மாலைப் பத்திரிகையில்: கொண்டல் கம்பெனியை வடக்கே உள்ள பெரிய கம்பெனி தன்னோடு இணைத்துக்கொள்கிறதாம். "பயணிகளுக்கு எந்தச் சிரமமும் இராது." செய்தியைக் கத்தரித்து இந்த நோட்டில் ஒட்டினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இவள் நாள் முழுக்கத் தூங்கினாள். மாத்திரைப் பெட்டியை ஒழுங்கு செய்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தேன். "பிழை" என்பதா, "தவறு" என்பதா? பிழை தெரியாமல் வருவது. தவறு அப்படியல்ல. முடிவு செய்யவில்லை.

மார்ச் 3, திங்கள்

ஐந்தாவது சுற்று. நிலையத்தில் கொண்டலின் நீலப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் நான்கு ஆணித்துளைகள். பிரிசில்லா புதுச் சீருடையில் இருந்தார். கழுத்துத் துணியைக் கட்டத் தெரியவில்லை என்று சட்டைப்பையில் வைத்திருந்தார்.

புதுக் கம்ப்யூட்டரில் பழைய பெயர்களையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்து இருந்தால் அது ஏற்றுக்கொள்ளாதாம். எழுத்தைத் தள்ளிவிட்டு, காலியான கட்டத்தில் ஆளின் பெயரையே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டிருக்கிறது. பிரிசில்லா திரையைத் திருப்பிக் காட்டினார். குழல்வாய்மொழி குழல்வாய்மொழி.

"பாத்தியா," என்றாள் இவள். "இப்போ நான் யாருக்கும் மகளும் இல்ல, யாருக்கும் பொண்டாட்டியும் இல்ல. எனக்கு நானே இனிஷியல்."

பிரிசில்லா சிரித்துவிட்டு, உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், இனிமே விளையாட்டு இல்ல. இங்க நாங்க ஆறு பேரு. ரெண்டு கம்பெனி ஆளுகளையும் சேத்து நாலு பேர்தான் வேணுமாம். ஒவ்வொருத்தர் ஃபைலையும் நோண்டுதாங்க. குத்தம் குறை இல்லாதவங்களுக்கு வேலை. உங்க லெட்டர் இல்லன்னா நான் போட்ட குறிப்பெல்லாம் என் தலையிலதான் விடியும். சென்னையில நம்ம பழைய ஆபீஸ் போன வாரமே பூட்டியாச்சு. அங்க எதையும் தபால்ல அனுப்பிராதீங்க, போய்ச் சேராது. என் கையில குடுங்க."

குறித்துக்கொள்ள: <u>பழைய அலுவலகம் பூட்டியாயிற்று. கடிதம் கையில் தர வேண்டும்.</u>

அவருக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். கணவர் இல்லை. மாமியார் படுக்கையில். இதையெல்லாம் இவள்தான் விசாரித்து வைத்திருக்கிறாள். நான் கேட்டதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடிதத்தின் மூன்றாவது படி. இவள் கட்டிலிலிருந்தே கேட்டாள். "அதுல என்ன காவியமா எழுதுதிய?" முதுகில் ஒத்தடம் கொடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

ஆறாவது சுற்று. போய் வந்தோம். விமானம் பத்து நிமிஷம் தாமதம். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

இவள் பேசவில்லை. கஞ்சியை வைத்தேன், குடித்தாள். மாத்திரை கொடுத்தேன், விழுங்கினாள். மருந்தின் அசதியாக இருக்கலாம்.

சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றினேன்.

மார்ச் 26, புதன்

அசதி இல்லை. முந்தாநாள் நடந்ததை இங்கே எழுதாமல் விட்டேன். எழுத வேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால் புதுக் கம்பெனி அதிகாரி ஒருவர் நின்றார். இளைஞர். மரியாதையானவர். சந்தீப் என்று பெயர்ப்பட்டை. எங்கள் இருவருடைய போர்டிங் பாஸையும் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார், பிறகு அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அஞ்சு தடவை இதே பேர் வித்தியாசத்தோட ஏத்தியிருக்கீங்க மேடம். யார் அனுமதி கொடுத்தது?"

"நான்தான் சார். பயணியை எனக்குத் தெரியும். திருத்தத்துக்கு லெட்டர் கேட்டிருக்கேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், ஒரு நிமிஷம். ஸ்டாஃப் உங்ககிட்ட இதைச் சொன்னாங்களா? லெட்டர் கேட்டாங்களா?"

நான் பாஸைப் பார்த்தேன். கேட்டார் என்று சொன்னால், தெரிந்தே தவறான பெயரில் மனைவியைக் கூட்டிப்போனவன் ஆகிவிடுவேன். நிறுத்திவிட்டால் அன்றைய மருந்து தப்பிவிடும். இவள் சக்கர நாற்காலியில் கண்ணை மூடி இருந்தாள்.

"இல்லை," என்றேன். "யாரும் ஒன்றும் கேட்கவில்லை."

அதிகாரி பாஸைக் கொடுத்தார். "ஹேவ் எ நைஸ் ஃப்ளைட் சார்."

கடிதத்தின் நான்காவது படி அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்குக் கொடுப்பதற்காகவே எடுத்துப்போயிருந்தேன்.

இவள் கண்ணை மூடியிருந்தாள், காதை அல்ல.

ஏப்ரல் 2, புதன்

இவள் பிரிசில்லாவுக்குப் போன் செய்தாள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பயணியின் வாக்குமூலமே எதிராக இருக்கிறது என்கிறார்களாம். விசாரணை பதினேழாம் தேதி, நிலையத்திலேயே.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முழு வாக்கியம். "அந்தப் பிள்ள நம்மளப் பத்தி ஒரு குறை சொல்லல. மருந்து ஒத்துக்கிடுதான்னு கேக்கா."

பிறகு: "போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா எழுதிக் குடுங்க. ஏதாவது ஒண்ணு செய்யுங்க."

ஏப்ரல் 5, சனி

எழுதிவிட்டேன். ஐந்தாவது படி. பழைய கடிதம் இனி உதவாது. அதில் பெயரைத் தவறாக எழுதினேன் என்று மட்டும்தான் இருந்தது. இப்போது, 24ஆம் தேதி நான் சொன்னதும் உண்மையல்ல என்று சேர்க்க வேண்டியிருந்தது. "தவறு" என்றே எழுதினேன். பழைய டிக்கெட் உறையிலிருந்து முகவரியைப் பார்த்து எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீதை இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

இவளிடம் ரசீதைக் காட்டினேன். "நல்லது," என்றாள். மதியம் கூடக் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினாள். வெகு நாளைக்குப் பிறகு நானும் தூங்கினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏழாவது சுற்று. சென்னை, விடுதி அறை.

காலை விமானமும் மாலை விமானமும் இனி இல்லை. நண்பகல் 1.10க்கு ஒரே ஒரு பெரிய விமானம். போன அன்றே திரும்ப முடியாது. ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலைதான்.

வாசலில் காவலர் அடையாள அட்டையில் முகத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டார். கவுண்டர் இருந்த இடத்தில் இரண்டு இயந்திரங்கள். குடும்பப் பெயர் கேட்டது, கொடுத்தேன். இருக்கை கேட்டது. வழக்கம்போலக் கடைசி வரிசையைத் தொட்டேன். பச்சையாயிற்று. தனியாகச் செய்து முடித்துவிட்டேன் என்று சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த விமானத்துக்கு முன்பக்கக் கதவைத்தான் திறந்தார்கள்.

முப்பது வரிசை. சக்கர நாற்காலி வாசலோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு இருக்கையின் சாய்மானத்தையும் பிடித்துப் பிடித்து நடந்தாள். பன்னிரண்டாம் வரிசையில் நின்றாள். இருபதில் நின்றாள். பின்னால் வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "முன்னாடி சீட் கேட்டிருக்கலாமே பெரியவரே," என்றார்.

உட்கார்ந்த பிறகு இவள் சொன்னாள்: "பிரிசி இருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது." என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலை 11.20க்குத் தபால்காரர் வந்தார். என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறைமேல் சிவப்பு மையில்: "இம்முகவரியில் இப்பெயரில் நிறுவனம் இல்லை."

விசாரணை முந்தாநாளே முடிந்துவிட்டது.

நூலகத்தில் ஒரு நிறுவனம் பெயர் மாறினால் பழைய பெயருக்கு ஓர் அட்டை எழுதி, "காண்க" என்று புதுப் பெயரைக் குறிப்போம். தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. இப்படி எத்தனை நூறு அட்டைகள் எழுதியிருப்பேன்.

"தபால் போய்ச் சேந்துதா?" என்று இவள் கேட்டாள்.

"ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை," என்றேன். அது பொய்யல்ல.

உறையை அகராதியின் இரண்டாம் தொகுதிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

பிரிசில்லாவுக்கு வேலை போய்விட்டது. மற்ற ஐந்து பேரில் நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாமவர் தாமாகவே விலகிக்கொண்டார். இவளுக்குப் போனில் தெரிந்தது. "எழுதிக் குடுத்தும் கேக்கலியா பாவிய," என்றாள்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

மே 6, செவ்வாய்

எட்டாவது சுற்று இல்லை. போன தடவை பயணத்துக்குப் பிறகு முதுகில் புது முறிவு. இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்து வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். அந்த நடையினால்தானா என்று கேட்டேன். அப்படி எதையும் தனியாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர்.

மே 9, வெள்ளி

இவளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாளை இருக்கச் சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் விமான நிலையம் போனேன். சந்தீப்பைப் பார்த்து நேரில் சொல்லிவிடுவது என்று. நுழைவாயிலில் காவலர் டிக்கெட் கேட்டார். இல்லை என்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். பெயரைச் சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பார்.

திரும்பும்போது பால் வாங்கி வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

இப்போதெல்லாம் வலி மருந்தில் பாதி நேரம் மயக்கம். இன்று தெளிவாக இருந்தாள். நகம் வெட்டிவிட்டேன்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும்," என்றாள். "அந்த லெட்டர் போச்சா?"

"போச்சு," என்றேன்.

என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாப்பத்தாறு வருஷமா உங்க கையெழுத்தப் பாக்கேன். ஒரு புள்ளி தப்பாது. உங்க வாயிலருந்துதான் ஒண்ணும் வராது."

கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

காலை 5.50.

ஜூலை 2, புதன்

மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழ். எழுத்தர் அம்மாள் அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவம் நிரப்பியவனும் நான்தான்.

"இதுல பி, அதுல சி. ரெண்டு ஆளு மாதிரில்லா இருக்கு. யாரு தப்பு இது?"

"என் தப்புதான் அம்மா," என்றேன். சத்தமாகவே வந்தது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படிவத்தில் நான்தான் தப்பாக எழுதிவிட்டேன்."

"அப்ப இதுலயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான்."

எழுதினேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

ஜூலை 7, திங்கள்

பெரிய கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். அன்புள்ள குழல்வாய்மொழி குழல்வாய்மொழி, உங்கள் பழைய பயணங்கள் அனைத்தும் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டன. உங்களை மீண்டும் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.

அழிக்கவில்லை.

ஜூலை 12, சனி

திரேஸ்புரம் போனேன். அங்கே மீனுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரிசில்லா இப்போது வேலை பார்க்கிறார். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு போன். யாரோ எத்தனை பார் ஐஸ் வேண்டும் என்று கத்தினார்கள், இவரும் கத்தினார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மா விஷயம் ரொம்பப் பிந்தித்தான் தெரிஞ்சது சார். வர முடியல. எங்க மாதா கோவில்ல ஒரு பூசை சொல்லி வச்சேன். உங்க ஆளுகளுக்கு அது உண்டுமா இல்லியான்னு தெரியல, ஆனா சொன்னேன்." பிறகு, "பேர் சொல்லும்போது சாமியாரு ரெண்டு தடவை திக்கிட்டாரு. அம்மா இருந்தா சிரிச்சிருப்பாங்க," என்றார்.

நான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். அன்று நான் சொன்னது பொய் என்பதை. கடிதம் சட்டைப்பையில் இருந்தது என்பதையும்.

"தெரியும் சார். நான் பக்கத்துலதான நின்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கி நீங்க அப்படிச் சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. பாஸ் அந்தாளு கையில இருந்துச்சு. அம்மா ஏறணும். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் வருவீங்கன்னு நெனச்சேன். விசாரணை அன்னைக்கிகூட வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

அகராதிக்குப் பின்னாலிருந்து எடுத்துப்போயிருந்த உறையை அவரிடம் கொடுத்தேன். எழுதி அனுப்பினேன், திரும்பிவிட்டது என்றேன். அவர் பிரிக்கவில்லை. முகவரியை மட்டும் படித்தார்.

"இது பழைய ஆபீஸ்லா? அத அப்பவே பூட்டிட்டாங்களே. உங்ககிட்ட சொன்னேனே சார்?"

"மறந்துவிட்டேன் போலிருக்கிறது," என்றேன்.

"வயசாகுதுல்லா," என்றார். டீ வாங்கித் தந்தார்.

இரவு உணவு முடிந்து இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 3. பழைய அலுவலகம் பூட்டியாயிற்று. கடிதம் கையில் தர வேண்டும். என் கையெழுத்து. அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. அவர் கோவிலுக்குப் போய்வர ஒன்பது மணி ஆகும். ஒன்பதரைக்கு இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில் அதிகம். நோட்டுக்கு அட்டை போட்டேன்.